லட்சத்தெட்டு வடையும் எட்டாவது வீடும்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்த அன்று, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய அண்ணன் தம்பிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் கடைசி நாற்காலியில், தூணுக்குப் பின்னால். நாலு பேர் கூடிவிட்டால் எனக்கு ஒரு தூண் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கதவாவது வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

முதலில் வாயைத் திறந்தது மூத்தவர். நாங்கள் அவரைப் பெரிய மாமா என்போம். கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கூப்பி, வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"தம்பி பொழச்சி எழுந்தான்னா நம்ம ஆஞ்சநேயருக்கு நூத்தியெட்டு வடையில மாலை சாத்துறேன்."

எல்லாரும் தலையாட்டினோம். நூற்றியெட்டு நியாயமான எண். ஒரு படி உளுந்தில் முடிந்துவிடும். ஆனால் பக்கத்தில் இருந்த இரண்டாவது மைத்துனருக்குப் பொறுக்கவில்லை.

"என்னாண்ணே நூத்தியெட்டு. நம்ம தம்பிக்கு ஆயிரத்தெட்டா போட்ருவோம்."

என் பெரிய நாத்தனார் மூக்கைச் சிந்திவிட்டு, "எங்கூடப் பொறந்தவன் உசுரு ஆயிரத்தெட்டுதானா? பத்தாயிரத்தெட்டு. நான் சொல்றேன்" என்றார்.

கடைசித் தம்பி துபாயில் இருக்கிறார். செல்போனில் முகம் மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. அந்த முகம், "லட்சத்தெட்டு" என்றது. உடனே சிக்னல் போய்விட்டது. எதிர்த்துப் பேச யாருக்கும் ஆள் கிடைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். நல்லபடியாக முடிந்தது என்றார்.

பெரிய மாமா எழுந்து நின்று கணக்கை முடித்துவைத்தார். "பாத்தீங்களா? பத்தாயிரத்தெட்டு வரைக்கும் சாமி வாயத் தொறக்கல. லட்சத்தெட்டுன்ன ஒடனே சரின்னுட்டாரு. இனிமே ஒரு வடை கொறைக்கக் கூடாது."

டீ வாங்கப் போகிற சாக்கில் நான் கீழே இறங்கினேன். ஆஸ்பத்திரி வாசலில், இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் என் தங்கச்சி நின்றுகொண்டிருந்தாள். கையில் தூக்குப் போசி. சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

"மேல வரட்டுமாக்கா?" என்றாள்.

"பெரியவரு இருக்காரு" என்றேன்.

போசியை என் கையில் கொடுத்துவிட்டு மறு பஸ்ஸில் போய்விட்டாள். உள்ளே பூண்டுக் கஞ்சி இருந்தது. அதை நான் மாடிப்படி திருப்பத்தில் நின்று தனியாகக் குடித்தேன். எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் சொல்ல எனக்கு வாய் வராது.

விஷயம் இதுதான். சில வருஷங்களுக்கு முன்னால் தங்கச்சி மகள் கல்யாணம் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முதல் பந்தியில் பெரிய மாமா உட்கார்ந்தார். பொரியல் வந்தது, கூட்டு வந்தது, சாம்பார் வந்தது, பாயசம்கூட வந்துவிட்டது. அவர் இலைக்கு வடை வரவில்லை. பக்கத்து இலை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அவர் கையை இலை மேல் வைத்தபடி கொஞ்சம் பார்த்தார். அப்புறம் இலையை மூடி எழுந்து வந்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டோடு எங்கள் வகையறாவுக்கு நல்லது கெட்டது எதுவும் இல்லை. சம்பந்தப்பட்ட வடை உளுந்து வடையா மசால் வடையா என்பதில்கூட ஒரு தகராறு இருந்தது. அதைத் தீர்க்க யாரும் பிறகு பேசிக்கொள்ளவில்லை. நானும் என் கூடப் பிறந்தவளும் மட்டும், அவரவர் வீட்டுக்காரர் மத்தியானம் தூங்கும்போது போனில் பேசுவோம். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து அவள் திரும்பிப் போனது எனக்கு ஆறவில்லை. என் வீட்டு வாசற்படியை அவள் எப்படியாவது ஒரு தடவை மிதிக்க வேண்டும், எல்லாரும் பார்க்க மிதிக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். நான் எந்தச் சாமிக்கும் எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை. ஏற்கெனவே லட்சம் ஆகிவிட்டதே.

வீட்டுக்கு வந்த என் வீட்டுக்காரரிடம் வேண்டுதலைச் சொன்னார்கள். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "நான் அவ்ளோ வடை பெறுவனா?"

"நீ பெறுவியோ இல்லியோ, வாக்கு குடுத்தாச்சி" என்றார் பெரிய மாமா.

கடலூரில் எங்கள் தெருமுனைக் கோயிலில் இருக்கிற ஆஞ்சநேயர் முழங்கால் உயரம்தான் இருப்பார். சாதாரணமாகச் சாத்துகிற இருபத்தேழு வடை மாலையிலேயே கழுத்துக்கு மேல்தான் தெரிவார். ஐயர் விஷயத்தைக் கேட்டதும் சாமியை ஒரு தடவை பார்த்தார், கோபுரத்தை ஒரு தடவை பார்த்தார்.

"சாமி தாங்குவார். மண்டபம் தாங்குமான்னு கேட்டுச் சொல்றேன்" என்றார்.

பிறகு தெருவில் இரண்டு பக்கமும் சவுக்குக் கொம்பு நட்டு, பந்தல் மாதிரிக் கட்டி, அதில் மாலைகளைத் தொங்கவிட்டு, கடைசி நுனியை மட்டும் சாமி கழுத்தில் சேர்ப்பது என்று முடிவானது.

அடுத்தது பங்கு. எங்கள் பக்கத்தில் கோயில் காரியம் என்றால் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று சமமாகத்தான் பிரிப்பார்கள். கல்யாணம் ஆகித் தனி அடுப்பு வைத்தவன் ஒரு தலைக்கட்டு. ஒருத்தனுக்கு ஒன்று கூடினால் அவன் பெரிய மனுஷன் ஆகிவிடுவான். ஒன்று குறைந்தால் அவனை மட்டம் தட்டியதாக ஆகிவிடும். அதனால் எள்ளுப் பிளந்த மாதிரி சமமாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரரோடு ஐந்து ஆண்கள், இரண்டு நாத்தனார் வீடுகள். ஆக ஏழு வீடு.

எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். நான் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால். இரண்டாவது மைத்துனர் செல்போனில் லட்சத்தெட்டை ஏழால் வகுத்தார்.

"பதினாலாயிரத்தி இருநூத்தி எம்பத்தாறு, புள்ளி, எட்டு அஞ்சு ஏழு ஒண்ணு நாலு ரெண்டு எட்டு அஞ்சு ஏழு..."

"நிறுத்துடா. புள்ளிக்கு அப்பறம் வர்றதெல்லாம் என்னா?"

"அது வடைத் தூளுண்ணே."

"சாமிக்குத் தூளையா சாத்துவ?"

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கடைசியாகச் சொல்லிக்கொடுத்தது வகுத்தல். ஈவு, மீதி என்று இரண்டு எழுதுவோம். அதோடு என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதனால் உலகத்தில் எதைப் பிரித்தாலும் கடைசியில் மீதி என்று ஒன்று நிற்கும், அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்றுதான் வெகுநாள் நம்பியிருந்தேன். இங்கே மீதி ஆறு வடை நின்றது. அந்த ஆறு வடையை யார் சுடுவது என்பதில் சண்டை ஆரம்பித்தது.

"மூத்தவன் நான். அது என் பங்கு."

"அப்ப உங்களுக்கு மட்டும் ஆறு வடை புண்ணியம் ஜாஸ்தியா? நல்லா இருக்கே."

"ஆறு வடைய விட்டுட்டு லட்சத்தி ரெண்டா போட்டா ஏழுக்குச் சரியா போவுதுண்ணே" என்றார் நாலாவது மைத்துனர்.

"ரெண்டுல முடியிற மாலை எந்த ஊர்ல சாத்துறான்? எட்டுல முடிஞ்சாதான்டா சாமி கணக்கு."

அன்றைக்குக் கூட்டம் காபியோடு கலைந்தது. ஆறு வடை அப்படியே நின்றது.

அப்போதுதான் என் சம்பந்தியை வரவழைப்பது என்று ஆனது. என் மகளுடைய மாமனார். சிதம்பரத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சாமி கும்பிடாதவர். கோயில் வாசல் வரைக்கும் வருவார், செருப்பைக் கழற்ற மாட்டார். வடை என்றதும் போனில் சிரித்தாராம். லட்சத்தெட்டு என்று எண்ணைச் சொன்னதும் சிரிப்பு நின்று, "அப்படியா, இருங்க வர்றேன்" என்று பஸ் ஏறிவிட்டாராம்.

வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் சட்டைப்பையில் சாக்பீஸ் வைத்திருந்தார். கூடத்துச் சிமெண்டுத் தரையில் மண்டி போட்டு லட்சத்தெட்டை எழுதினார். பெண் பார்க்க வந்தவர் மாதிரி அதைத் தள்ளி நின்று பார்த்தார், குனிந்து பார்த்தார்.

"மொதல்ல இது பகா எண்ணா, பகு எண்ணான்னு பாப்போம்" என்றார்.

"அது எதுக்கு?" என்றார் பெரிய மாமா.

"எதாலயும் மீதியில்லாம வகுபடலன்னா அது பகா எண். யார்கிட்டயும் ஒட்டாது. வகுபட்டா பகு எண். நாலு வீட்டுக்குப் போய்வர்ற எண். இது பகு எண்தான். இரட்டைப்படையா இருக்குதே. அதுமட்டுமில்ல. இது மிகை எண்."

"மிகைன்னா?"

"இது எதெதுனால வகுபடுதோ, அது எல்லாத்தையும் கூட்டுங்க. இத விட்டுட்டுத்தான். கூட்டினா லட்சத்தெட்டு வரணுமா இல்லியா? வரல. லட்சத்தி எழுவத்தெட்டாயிரத்துச் சொச்சம் வருது! தங்கிட்ட இருக்கறதவிட ஜாஸ்தி குடுக்கற எண் இது. தாராளம்னா தாராளம்."

"சம்பந்தி, ஏழு வீட்டுக்கு மீதி ஆறு நிக்குது. அதுக்கு வழி சொல்லுங்க."

"ஆறா!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆறு ரொம்ப ஒசந்த எண்ணாச்சே. செவ்விய எண். ஒண்ணு, ரெண்டு, மூணு, இதால எல்லாம் வகுபடும். கூட்டினாலும் அதே ஆறு. கூடவும் கூடாது, கொறையவும் கொறையாது. உங்களுக்குப் போயி மீதியா செவ்விய எண் கெடச்சிருக்கு பாருங்க."

"செவ்வியமோ கிவ்வியமோ, அந்த ஆறு வடைய யாரு சுடறது?"

சம்பந்தி அதைக் காதில் வாங்கவில்லை. தரையில் எண்ணை உடைத்துக்கொண்டு போனார். இரண்டால் ஒரு தடவை, இரண்டால் இன்னொரு தடவை, மறுபடியும் இரண்டால். அப்புறம் மூன்றால் மூன்று தடவை. கடைசியில் நானூற்று அறுபத்து மூன்று என்று ஒன்று நின்றது. அதை எதெதாலோ வகுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"இது பகாது" என்று எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். "ஏழுக்கும் மசியல, பதினொண்ணுக்கும் மசியல, பதிமூணுக்கும் மசியல. லட்சம் வடைக்குள்ள இப்படி ஒரு முரட்டு ஆசாமி ஒளிஞ்சிருக்கான்."

பெரிய மாமாவுக்கு அந்த எண் பிடித்துப்போனது. "நம்மள மாதிரின்னு சொல்லுங்க" என்று மீசையைத் தடவினார்.

"இன்னொரு வேடிக்கை. இதுக்கு அடுத்த வீட்டுக்கு அடுத்த வீடு, நானூத்தி அறுபத்தி ஒண்ணு. அதுவும் பகாது. இரட்டைப் பகா எண்கள்னு பேரு. ரெண்டு முரடனும் எதிரெதிர. நடுவுல ஒரே ஒரு எண். நானூத்தி அறுபத்தி ரெண்டு. அது மட்டும் பாவம், ரெண்டுக்கும் போவும், மூணுக்கும் போவும், ஏழுக்கும் போவும், பதினொண்ணுக்கும் போவும்."

அந்தப் பக்கத்து முரடன் என் தங்கச்சி வீட்டுக்காரர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நடுவில் நிற்கிற பாவம் யார் என்பதும் தெரிந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்று, முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தேன்.

அதற்குள் இரண்டாவது மைத்துனர் ஒரு யோசனை சொன்னார். ஏழுக்குப் பதில் ஆறு வீடாக ஆக்கிவிடலாம். ஆறுக்குச் சரியாகப் போகிறது. நாலாவது குடும்பமும் துபாய்க்காரர் குடும்பமும் ஒரே வீட்டில்தானே மேலும் கீழுமாக இருக்கிறார்கள். அவர்களை ஒரு தலைக்கட்டாக எழுதினால் போச்சு. நாலாவது மைத்துனர் எழுந்து நின்றுவிட்டார்.

"மேல ஒரு அடுப்பு, கீழ ஒரு அடுப்பு. எப்படி ஒரு தலைக்கட்டாவும்? நாளைக்கி நான் செத்தா மாலையையும் பாதியா போடுவீங்களா?"

பெரிய மாமாவே அந்த யோசனையைத் தள்ளினார். அதற்கு அவர் சொன்ன காரணம் வேறு. "ஆறு வீடுன்னா தலைக்கு எத்தினி வருது? பதினாறாயிரத்தி அறுநூத்தி அறுவத்தெட்டு. இரட்டைப்படை! மொய் வெச்சாக்கூட நூத்தியொண்ணு, ஐநூத்தியொண்ணுன்னு ஒண்ணுல முடிக்கறோம். சாமி காரியத்துக்கு எட்டுல முடிக்கறதா? மொத்தம் எட்டுல முடியணும், பங்கு ஒத்தப்படையில முடியணும்."

இதைக் கேட்டால் வேறு யாராக இருந்தாலும் எழுந்து போயிருப்பார்கள். சம்பந்தி சந்தோஷமாக மறுபடி மண்டி போட்டார்.

"நல்ல கேள்வி. இதுக்குள்ள ரெண்டு, ரெண்டு, ரெண்டுன்னு மூணு ரெண்டு இருக்கு. பங்கு ஒத்தப்படை ஆவணும்னா அந்த மூணு ரெண்டையும் கழட்டணும். ஒண்ணு மிச்சம் இருந்தாலும் இரட்டைதான். ரெண்டு, நாலு, எட்டு. ஆக, கொறைஞ்சது எட்டு வீடு வேணும். எட்டு வீடுன்னா தலைக்கு..." எழுதினார். கூடமே எட்டிப் பார்த்தது.

பன்னிரண்டாயிரத்து ஐநூற்று ஒன்று.

"ஒண்ணுல முடியுது!" என்று நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அசல் மொய்ப் பணம் மாதிரி இருந்தது. எட்டு சனியாச்சே என்று ஒருத்தர் முனகினார். சனியை அடக்கினவரே ஆஞ்சநேயர்தானே என்று அடக்கிவிட்டார்கள்.

ஆனால் வீடு ஏழுதான் இருந்தது.

"எட்டாவது நம்ம சம்பந்தியே இருக்கட்டுமே" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் பகுத்தறிவுக்காரன். பகுத்துக் குடுத்தாச்சி. சுடறது என் வேலை இல்ல" என்று சம்பந்தி கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார்.

பெரிய மாமா யோசித்தார். யோசித்துவிட்டு, "விடுங்க. என் பையனத் தனிக்குடித்தனம் வெச்சிர்றேன். எட்டாவது அடுப்பு ஆச்சி" என்றார்.

இதைச் சொல்லி அவர் வாய் மூடவில்லை, பின்கட்டில் நின்ற அவருடைய மருமகள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது. இடுப்பில் செருகியிருந்த சேலையை எடுத்துவிட்டு, "நான் போயி மிக்ஸிய எடுத்து வெக்கறேன் மாமா" என்றாள்.

பெரிய மாமாவின் மனைவி, நாங்கள் பெரியக்கா என்போம், சமையல்கட்டுக்குள் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"வடைக்காவ எம்புள்ளய வீட்ட விட்டு அனுப்பறாருடீ! கேட்டியா?"

"கேட்டேங்க்கா."

"ஒந்தங்கச்சி வீடு ஒண்ணு இருக்கே. அதுவும் ஒறவு வீடுதான. சொல்லு போயி."

"நானா?"

"நான் சொன்னா, ஒனக்கு ஒண்ணும் தெரியாது போடீம்பாரு. அவரு இதுவரைக்கும் உன்ன ஒண்ணும் சொன்னதில்ல. ஏன்னா நீ இதுவரைக்கும் ஒண்ணும் பேசினதில்ல. போடீ."

உண்மையிலேயே நான் அந்தக் கூடத்தில் அவர் முன்னால் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. காபி வைத்துவிட்டு வந்துவிடுவேன். என் மனதில் எட்டாவது வீடு என்றதுமே தங்கச்சி வீடு வந்து நின்றுவிட்டது. ஆனால் மனதில் வந்தது வாய்க்கு வருவதற்கு எனக்கு ஒரு மாமாங்கம் ஆகும். அதற்குள் அந்தப் பெண் மிக்ஸியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். தங்கச்சிக்கு இனி எந்த லட்சத்தெட்டும் வழி விடாது.

பெரியக்கா முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார். நான் கூடத்துக்கு நடுவில் வந்து, லட்சத்தெட்டு என்று எழுதிய இடத்தின் மேலேயே நின்றுவிட்டேன். எல்லாரும் பார்த்தார்கள்.

"என்னாம்மா?" என்றார் பெரிய மாமா.

"எட்டாவது..." என்றேன். அதோடு நின்றுவிட்டது.

"சொல்லுங்க சம்பந்தியம்மா" என்றார் சம்பந்தி. "பூஜ்யத்து மேல நிக்கறீங்க, பரவால்ல, சொல்லுங்க."

"எட்டாவது வீடு, சிதம்பரத்துல என் தங்கச்சி வீடு."

பெரிய மாமாவின் மீசை மேலும் கீழும் போனது.

"எனக்கு வெக்காத வடைய சாமிக்கு வெக்கறதா?"

"எண்ணுக்கு எட்டு வேணும். எந்த எட்டுன்னு அது கேக்கல" என்றார் சம்பந்தி.

"அவன் மொகத்துல நான் முழிக்க மாட்டேன்."

"முழிக்காதீங்க" என்றார் பெரியக்கா உள்ளிருந்து. "புள்ளைய வெளிய அனுப்புங்க. மருமவ அங்க மிக்ஸியோட குக்கரையும் சேத்துக் கட்டிட்டா."

என் வீட்டுக்காரர் மெதுவாக, "அண்ணே, மாலை எனக்காவத்தான சாத்தறோம்" என்றார். அவர் நெஞ்சில் கை வைத்திருந்தார். வலியா, பாவனையா என்று எனக்கு இன்று வரை தெரியாது.

பெரிய மாமா எழுந்து துண்டை உதறினார். "சரி. சுடட்டும். ஆனா ஒரு வடை கொறைஞ்சாலும் மொத்தத்தையும் திருப்பி அனுப்புவேன். அந்த வீட்டுப் பங்க மட்டும் நானே எண்ணுவேன்."

மறுநாளே சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். தங்கச்சிக்கு விஷயத்தைச் சொன்னதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்த் தண்ணீர் மட்டும் வந்தது. அவள் வீட்டுக்காரர் பேப்பரை மடிக்கவே இல்லை. பேப்பருக்குப் பின்னாலிருந்து பேசினார்.

"வடை வெக்காத வீடுன்னு ஊரு பூரா சொன்னாரு. இப்ப பன்னெண்டாயிரத்தி ஐநூறு வேணுமாமா?"

"ஐநூத்தி ஒண்ணு தம்பி" என்றேன்.

"அண்ணி, அன்னிக்கி அந்த வடை எண்ணெயில கெடந்திச்சி. பொன்னா செவந்துகிட்டு இருந்திச்சி. ரெண்டு நிமிஷம் ஒக்காந்திருந்தாருன்னா சுடச்சுட வந்திருக்கும். ஆறிப்போனது அவருக்கு வேணாம், அடுத்து எடுக்கற மொத வடை அவருக்குத்தான்னு நாந்தான் நிறுத்திவெச்சேன்."

இதை யாரிடமும் அவர் சொல்லவில்லை. வந்து கேட்காதவரிடம் தான் ஏன் போய்ச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டார். நானூற்று அறுபத்தொன்று என்றால் அசல் நானூற்று அறுபத்தொன்றுதான்.

"சுடுவோம்" என்றாள் தங்கச்சி.

பேப்பர் கொஞ்சம் தாழ்ந்தது. "சுடு. ஆனா அவரு எண்ணும்போது நானும் கூட எண்ணுவேன். கொறையுதுன்னு சொல்லிட்டுப் போயிடுவாரு."

வடை மாலைக்கு வடை வேறு மாதிரி. மிளகு போட்டு, தட்டையாகத் தட்டி, நடுவில் துளை வைத்து, முறுக்கு மாதிரி மொறுமொறுவென்று எடுக்க வேண்டும். பல நாள் இருந்தாலும் கெடாது. எட்டு வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி இறங்கவே இல்லை. தெருவில் போகிறவர்கள் மேல் எல்லாம் மிளகு வாசனை. என் வீட்டுக்காரருக்கு டாக்டர் எண்ணெய்ப் பண்டம் கூடாது என்று சொல்லியிருந்ததால், உயிரைக் காப்பாற்றிய வடையில் ஒன்றைக்கூட அவர் தின்ன முடியவில்லை. மோந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாலை சாத்துகிற காலையில் தங்கச்சி வேனில் வந்து இறங்கினாள். முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். வாசற்படியில் ஒரு காலை வைத்து, என்னைப் பார்த்தாள். உள்ளே எல்லாரும் இருந்தார்கள். மிதித்து வந்தாள். யாரும் வா என்று சொல்லவில்லை, யாரும் போ என்றும் சொல்லவில்லை. பெரியக்கா மட்டும் ஒரு டம்ளர் காபியை அவள் கையில் திணித்துவிட்டுப் போனார்.

கோயிலில் ஏழு வீட்டு வடையை யாரும் எண்ணவில்லை. சொந்த ரத்தம் பொய் சொல்லாது என்று அப்படியே கோத்துப் பந்தலில் ஏற்றினார்கள். எட்டாவது வீட்டு அன்னக்கூடைகள் மட்டும் மண்டபத்தில் வரிசையாக இறங்கின. ஒரு பக்கம் பெரிய மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதிர்ப்பக்கம் தங்கச்சி வீட்டுக்காரர். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வடையைப் பார்த்தார்கள்.

எங்கள் பக்கம் நெல் அளந்தாலும் தேங்காய் எண்ணினாலும் இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் எடுத்துப் போட்டு எண்ணைச் சொல்ல, மற்றவர் அதையே திருப்பிச் சொல்லி வாங்க வேண்டும். ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டார்கள். முதல் எண்ணுக்கு லாபம் என்றுதான் சொல்வார்கள்.

பெரிய மாமா ஒரு வடையை எடுத்தார். ரொம்ப நேரம் அதைக் கையில் வைத்திருந்தார். அப்புறம் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"லாபம்."

"லாபம்" என்றார் எதிரில் இருந்தவர்.

"ரெண்டு."

"ரெண்டு."

இத்தனை வருஷம் பேசாதவர்கள் அப்படித்தான் பேச ஆரம்பித்தார்கள். இருபது, முப்பது வரைக்கும் சண்டைக்காரர்கள் குரலில் போனது. நூறைத் தாண்டியபோது குரல் கொஞ்சம் தளர்ந்தது. ஆயிரத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி இழுவையோடு வந்தது. நானும் தங்கச்சியும் தூணுக்குப் பின்னால் நின்றோம். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மூவாயிரத்துச் சொச்சத்தில் வந்தது வினை. பெரிய மாமா எழுபத்தெட்டு என்றார். எதிரில் இருந்தவர் எழுபத்தொன்பது என்றார்.

"எழுவத்தெட்டு!"

"எழுவத்தொம்போது!"

"எழுவத்தெட்டு!!"

அதைத் தாண்டி ஒரு வார்த்தை இரண்டு பேர் வாயிலும் வரவில்லை. எண்ணை வைத்தே திட்டிக்கொண்டார்கள். வாசலில் செருப்போடு நின்ற சம்பந்தி உள்ளே எட்டி, "சந்தேகம் வந்திடிச்சின்னா மொதல்ல இருந்து வர்றதுதான் முறை" என்று குரல் கொடுத்தார். எண்ணின வடையெல்லாம் மறுபடி கூடைக்குப் போயின. மறுபடி லாபம்.

இரண்டாவது தடவை அவர்கள் வேகமாகப் போனார்கள். பழக்கம் வந்துவிட்டது. ஒருத்தர் கை நீட்டும்போதே மற்றவர் கை வந்துவிடும். ஐயர் வந்து நின்று, ஏழு வீட்டு மாலையும் ஏறிவிட்டது, நேரம் போகிறது, சாத்திவிடலாமா என்று கேட்டார். பெரிய மாமா எண்ணுகிற கையை நிறுத்தாமல் மறு கையைத் தூக்கி அவரைத் தடுத்தார்.

"எட்டாவது வீடு முடியாம சாத்தக் கூடாது சாமி."

ஐயர் போய்விட்டார். பெரிய மாமா கையில் ஒரு வடையோடு அப்படியே இருந்தார். எதிரில் இருந்தவரும் கையை நீட்டியபடியே இருந்தார். எண் எதுவும் வரவில்லை. நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் என் விரலை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

பெரிய மாமா முதல் தடவையாகத் தலையைத் தூக்கி அந்த முகத்தைப் பார்த்தார்.

"எத்தினில விட்டோம் தம்பி?"

"தெரியிலியேண்ணே. நானும் ஐயரப் பாத்துட்டேன்."

"நீயுமா விட்டுட்ட?"

"ஆமாண்ணே. லாபத்துல இருந்தே வருவோம்."

"வா."

இரண்டு பேரும் சேர்ந்து வடைகளை அள்ளிக் கூடையில் போட ஆரம்பித்தார்கள். வெளியே ஏழு வீட்டு மாலை தெரு முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியை யாரோ ஒருவர் கையில் பிடித்தபடி நின்றார். சாமி வெறும் கழுத்தோடு காத்திருந்தார்.